அட்டையில் போட்ட வரி

எழுந்து பல் தேய்த்து, டீ போட்டு, வாசற்படியில் உட்கார்ந்து குடிக்கிறான் ஜெயபாண்டி. திருநகர் ரோட்டுப் புழுதியோடு ஒரு பைக் வந்து நிற்கிறது. அவன் டிரம்ஸ் வாசிக்கும் ராக் குழுவின் பாடகன் சாய்பிரசாத், வெயில் ஏறுமுன்னே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு செல்போனை நீட்டுகிறான். “ஆல்பத்த அம்புட்டுப் பேரும் கொண்டாடுறாய்ங்க மாப்ள. தங்கச்சி கடைசியாச் சொன்னதுன்னு அட்டையில போட்டேன்ல, ‘நான் போனாலும் வாசிப்ப நிறுத்தாதீங்க’ன்னு, அதுக்குத்தான் அழுகுறாய்ங்க.” திரையில் கண்ணீர்ப் பொம்மைகள் வரிசையாக ஓடுகின்றன, இறந்துபோன நாகஜோதியைப் பார்த்தேயிராதவர்கள் போட்டவை. “என் பொண்டாட்டி அப்பிடிச் சொல்லல. எடுத்துரு.” “எடுத்தா எவன்டா கேப்பான்? சரி, நெசமா என்னதான் சொல்லுச்சு? அதையே போட்ருவோம்.” ஜெயபாண்டி டம்ளரைக் கீழே வைக்கிறான். “போட்டுக்க. ‘தலை வலிக்குது, அந்தக் கருமத்தக் கொஞ்ச நேரம் தட்டாம இருங்க.’”