முடியாது சார்!

“தூங்கி எழுந்தாலும் அலுப்பு தீரலையா?” மனநல ஆலோசகர் கனிவாகக் கேட்டார்.

“ஆமா. எல்லாரோட கவலையும் என் தலையிலதான்.” எதிர் நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

“யார்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?”

“வாயே வரமாட்டேங்குது!”

“இப்ப சொல்லிப் பழகுங்க. நான்தான் உங்க மேனேஜர்னு வச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமையும் வந்துடுங்கம்மா!”

“முடியாது... சார்.”

“கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு. சத்தமா!”

“முடியாது சார்!”

சத்தம் கேட்டு, ரிசப்ஷனில் இருந்த பெண் பதறிப்போய்க் கதவைத் திறந்தாள். அறையில் ஆலோசகர் மட்டும்தான் இருந்தார். அதுவும், சிகிச்சைக்கு வருபவர்கள் உட்காரும் நாற்காலியில்.

“யார்கிட்ட மேடம் பேசறீங்க?”

“என்கிட்டதான்!” அசடு வழிய எழுந்தார் ஆலோசகர். “அங்க உட்கார்ந்து கேள்வி, இங்க உட்கார்ந்து பதில். ஊருக்கெல்லாம் பார்க்கிற வைத்தியத்தை எனக்கும் பார்த்துக்க வேணாமா?”

அந்தப் பெண் சட்டென்று அதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை என்னால வர முடியாது மேடம்!”

ஆலோசகருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே போனை எடுத்து கிளினிக் மேனேஜரை அழைத்தார்.

“ஞாயித்துக்கிழமை முடியாது சார். என்னால மட்டுமில்ல, எங்க ரெண்டு பேராலயும்!”