லோன்ல போற பையன்

தம்பி வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைக் கோச்சுக்குப் போட்டார்கள். நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

என் தம்பி சின்னக்கண்ணு காலையிலேயே போன் பண்ணியிருந்தான். அவன் மகன் அருள்ராஜை மெட்ராஸ் புட்பால் கிளப் ஒன்றில் கேட்கிறார்களாம். பேச ஆள் வருகிறார், நீ வந்து நாலு கேள்வி கேட்டால்தான் சரியாக இருக்கும் என்றான்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தம்பி வாயில்லாப் பூச்சி. நான் யாரையும் நம்பாதவன். ஆரணியில் அது எல்லாருக்கும் தெரியும்.

பெரியவர்கள் பேசும்போது நிற்காதே என்று அருள்ராஜை வெளியே அனுப்பினேன். பதினாறு வயசு. எதிர்வீட்டு கரண்டுக் கம்பத்தடியில் போய் நின்றுகொண்டு எங்கள் வாசலையே பார்த்தான்.

கோச் பெயர் இளஞ்செழியன். கழுத்தில் விசிலோடு வந்திருந்தார். வேலூர் மேட்சில் பையனைப் பார்த்தாராம். இடது கால் அபாரம் என்றார்.

காலைப் பற்றி எங்களுக்குத் தெரியும், சோற்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன்.

தங்க இடம், சாப்பாடு, பள்ளிக்கூடம், டாக்டர் எல்லாம் கிளப் செலவு என்றார்.

எவனோ பெற்ற பிள்ளைக்கு நீங்கள் எதற்குச் சோறு போடவேண்டும் என்று கேட்டேன்.

மனுஷனுக்குக் கோபம் வரவில்லை. பேர் வாங்கின ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்க எங்கள் கிளப்புக்கு வக்கில்லை, அதனால் சின்ன வயசிலேயே எடுத்து வளர்க்கிறோம் என்றார். ஒன்றாய் வளர்ந்தவர்களுக்கு ஒருத்தன் எங்கே ஓடுவான் என்று மற்றவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியுமாம். லீக்கில் அவர்கள் மேலே ஏறியது அப்படி வளர்த்த பையன்களால்தானாம். பெரிய கிளப் எவனையாவது கேட்டால் கொடுத்துவிடுவார்களாம். வருகிற பணத்தில் இன்னும் பத்துப் பேரை வளர்ப்பார்களாம்.

"அப்ப நீங்க வளக்கிறது பசங்களா, பிராய்லர் கோழியா?"

உள்ளே தம்பி பெண்சாதி தமிழ்ச்செல்வி இருமினாள். போதும், நிறுத்து என்று அர்த்தம்.

கோச் சிரித்துவிட்டார். "கோழி கையெழுத்து போடாதுங்க ஐயா. பையன் சம்மதிக்காம அவன எங்கியும் அனுப்ப மாட்டோம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கால் உடைந்தால் என்ன செய்வீர்கள், பையன் தேறாவிட்டால் என்ன ஆவான் என்று குடைந்தேன். தேறாமல் போகிறவர்கள்தான் அதிகம் என்று அவரே சொன்னார். ஏமாற்ற வந்தவன் அதைச் சொல்ல மாட்டான். அனுப்பலாம் என்று எனக்கே மனசு வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது. பையன் இந்த வருஷம் லோன்ல போறான்."

எங்கள் தெருவில் லோன் என்றால் பேங்க் லோன் இல்லை. பட்டு முதலாளியிடம் வாங்குகிற முன்பணம். வாங்கினால் அது தீருகிறவரை அந்த வீட்டு ஆள் ஒருத்தர் அவர் தறியில் உட்காரவேண்டும். வேறு வேலைக்குப் போகக் கூடாது. மீசை முளைக்குமுன் என்னை அப்படி உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூடம் அதோடு போயிற்று.

இவனும் அந்த ஜாதி ஆள்தானா என்று கோச்சின் சட்டையைப் பிடிக்க எழுந்தேன். அதற்குள் தம்பி வாயைத் திறந்துவிட்டான்.

"அத உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

கோச் விழித்தார்.

"பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினது சார். பரீட்ச முடிஞ்சதும் பையன் தறியில உக்காருவான்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். அவனுக்கு இன்னும் தெரியாது."



பாவம் கோச், தம்பிக்கு விஷயம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். மெட்ராஸ் டீமில் முதல் வருஷம் இவனுக்கு ஆட இடம் கிடைக்காதாம். சும்மா உட்கார்ந்தால் ஆட்டம் மறந்துபோகுமாம். அதனால் கோயமுத்தூரில் ஒரு சின்ன கிளப்புக்குக் கொடுத்து ஆடவிடுவார்களாம். வருஷம் முடிந்தால் திரும்ப வந்துவிடுவானாம். அவர்கள் ஊரில் அதற்குப் பெயர் லோனாம்.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

என்னை எதற்குக் கூப்பிட்டான் என்று அப்போதுதான் விளங்கிற்று. கேள்வி கேட்பதற்கு இல்லை. கெடுப்பதற்கு. பெற்ற மகனிடம் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. யாரையும் நம்பாத கிழவன் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

அந்த முதலாளியை எனக்குத் தெரியும். எங்கள் ரெண்டு வீட்டையும் வழித்துப் போட்டாலும் அவர் கணக்கு தீராது.

கிளம்புங்கள் என்றேன் கோச்சிடம். வளர்த்து விற்கிற கும்பலிடம் எங்கள் பிள்ளையைத் தர மாட்டோம் என்றேன். கரண்டுக் கம்பம் வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

கோச் எழுந்து தம்பிக்கு மட்டும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அருள்ராஜ் ஓடி வந்தான். அப்பனை ஒன்றும் கேட்கவில்லை. அப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரிப்பா, நீதான் வேணான்னு சொன்னியா?"

ஆமாம் என்றேன்.

உடனே நம்பிவிட்டான்.