முப்பதாவது ஆள்

நிதியுதவி வேண்டுமென்றால் இல்லத்தில் முப்பது பேர் இருக்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. எங்கள் முதியோர் இல்லத்தில் இருந்தது இருபத்தொன்பது பேர். ஏழாம் கட்டில் அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. செயலாளர் என்ற முறையில் விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. செத்தவர்கள் வந்து ஆட்சேபிக்கவா போகிறார்கள்?

இறந்த அன்று மத்தியானம் அவர் நெஞ்சு வலிக்கிறது என்று என் அறை வாசலில் வந்து நின்றார். அப்போதும் இதே விண்ணப்பத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். "அப்புறம் பாக்கலாம்மா" என்று கதவைச் சாத்தினேன்.

நேற்று அறக்கட்டளை அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கட்டில் கட்டிலாகப் போய்த் தலைகளை எண்ணினார். ஏழாம் கட்டில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அதற்கு வேலையில்லாமல் போயிற்று. அவர் தன் கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டிருந்தார்.

"முப்பது. சரியா இருக்கு" என்றார் அதிகாரி. "செயலாளர் கையெழுத்து வேணுமே. அவர் எங்க?"

"இதோ இருக்கேன் சார்" என்றேன், அவர் முகத்துக்கு நேராக.

அவர் சமையல்கார அக்காவைப் பார்த்தார்.

"செயலாளர் போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆகுதுங்க" என்றாள் அக்கா. "நெஞ்சு வலின்னாரு. அவ்வளவுதான்."

நான் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஈயை ஓட்டுவதுபோல் அவள் தோளைத் தட்டிக்கொண்டாள்.

ஏழாம் கட்டில் அம்மா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் பாக்கலாம் தம்பி" என்றார்.