மாப்பிள்ளையின் ரயில் பைத்தியம்

"என் தங்கச்சிய நான் கட்டிக் குடுத்தது மனுஷனுக்கா, இல்ல ஸ்டேஷன் மாஸ்டருக்கா?"

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டினார். வேன் கொஞ்சம் ஓரம் போய்த் திரும்பி வந்தது. பக்கத்து சீட்டில் அவர் மனைவி ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாங்க."

"மெதுவாத்தான் போறேன். இருபத்திரண்டு வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்தறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?"

அவள் கைப்பிடியை இன்னும் இறுக்கினாள்.

மாஸ்டரின் கோபத்திலும் நியாயம் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக இருந்து தங்கையை வளர்த்தவர். ஒரு தடவையாவது அவளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் மலை, ஏரி எல்லாம் காட்ட வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. டூர் கம்பெனிக்காரர்களை நம்பாமல் பெரிய வேனாக வாடகைக்கு எடுத்தார். "நானே ஓட்டிக் காட்டறேன்" என்றார்.

தங்கை அதில் ஏறியது முதல் நாள் மட்டும்தான்.

அன்றைக்கு ஒரு மலை வளைவில் லாரிக்காரன் ஒருவன் நேருக்கு நேராக வந்து, லைட்டைப் போட்டு, ஹாரனை அடித்து ஒரே ரகளை. இந்த நாட்டில் வண்டிகள் நம் ஊருக்கு எதிர்ப்பக்கமாகப் போகின்றன என்பது மாஸ்டருக்குத் தெரியும். வளைவு வந்தால் மட்டும் மறந்துவிடும். லாரிக்காரனுக்குப் பொறுமை போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வண்டியை விட்டார். பின் சீட்டில் தங்கை கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அசதி என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில்தான் மாப்பிள்ளைக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது.

"மச்சான், எனக்குச் சின்ன வயசுலேருந்தே ரயில்னா உசுரு. இங்க லோக்கல் ரயில்ல போகலேன்னா மனசு ஆறாது. நீங்க வேன்ல முன்னாடி போங்க. நாங்க வந்து சேந்துக்கறோம்."

"அவ எதுக்கு? அவ என்கூட வரட்டும்."

"தனியாப் போனா போரடிக்கும் மச்சான்."

அதோடு விட்டாரா? போகிற ஊரிலெல்லாம் பொம்மை ரயில் விற்கிற கடையைத் தேடிப் போனார். தினமும் சாயங்காலம் இருவரும் ஆடி அசைந்து வந்து சேர்ந்தார்கள், மாப்பிள்ளை கையில் ஒரு குட்டி எஞ்சினோடு. பேரனுக்கா என்று ஹோட்டல்காரர் கேட்டார். "எனக்குத்தான்" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சமும் கூசாமல். மாஸ்டருக்குத்தான் மானம் போனது.

நாலாவது நாள் பொறுமையும் போய்விட்டது.

"ரயில் ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் பக்கத்துப் பொம்மைக் கடைலதான் நிப்பாரு. இன்னிக்கு அங்கயே போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்."

ஸ்டேஷனை ஒட்டிய கடைத்தெருவில் வேனை நிறுத்தினார். இரண்டு சக்கரம் நடைபாதையில் ஏறி நின்றது. மனைவியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குள் நுழைந்தார்.

உள்ளே, மேஜைமேல் இரண்டு எஞ்சினை வைத்துக்கொண்டு கடைக்காரர் உடைந்த ஆங்கிலத்தில் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுல இருக்கற தண்டவாளம் என்ன அளவு?"

மாப்பிள்ளை யோசித்தார். "வீட்டுல தண்டவாளமே இல்லையே."

"அப்ப இது எதுல ஓடும்?"

"ஓட வேண்டாம். நின்னாப் போதும்."

சின்ன வயசிலிருந்து ரயில் என்றால் உயிர் என்றவரா இவர்? மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் தங்கையின் குரல் முந்திக்கொண்டது. அவள் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"ஏங்க, எதையாவது ஒண்ணை வாங்கிட்டு வாங்க. ரயிலுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு. அண்ணா வேனோட இங்கயே வந்து நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

வாசலைப் பார்த்து நின்ற மாப்பிள்ளை இருமினார்.

"இருமாதீங்க. என் பயம் உங்களுக்கு விளையாட்டா இருக்கு. கண்ணை மூடினா இன்னும் அந்த லாரிதான் எதிர்ல வருது."

மாப்பிள்ளை இன்னும் பலமாக இருமினார்.

"அண்ணாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றவரு. உங்க வண்டில ஏறவே பயமா இருக்குன்னு சொன்னா ஒடைஞ்சு போயிடுவாரு. அதுக்கு நீங்க பைத்தியம்னு பேர் வாங்கறது மேல்."

"எனக்கென்ன, இன்னும் நாலு நாள்தானே" என்றார் மாப்பிள்ளை, மாஸ்டர் பக்கமே திரும்பாமல்.

மாஸ்டர் சத்தமில்லாமல் வெளியே வந்து அடுத்த கடை ஓரமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார்கள். தங்கை சிரித்துக்கொண்டே ஓடினாள். இந்தப் பயணத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பக் கடைக்குள் போனார். கடைக்காரர் அவரிடமும் தண்டவாளத்தின் அளவைக் கேட்டார்.

"ஓட வேண்டாம்" என்றார் மாஸ்டர். "நின்னாப் போதும்."

எஞ்சினோடு வேனுக்கு வந்தார். நிற்கிற வண்டியிலும் மனைவியின் கை அந்தக் கைப்பிடியில்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்தே அவர் ஓட்டிய எந்த வண்டியிலும் அது அங்கேதான் இருந்தது போல. இன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது.

"யாருக்குங்க இது?"

"எனக்குத்தான். ரயில் பைத்தியம் எனக்கும் தொத்திக்கிச்சு. வேனை இங்கயே ஒப்படைச்சுட்டு மிச்ச நாள் எல்லாரும் ரயில்ல போவோம்." எஞ்சினை அவள் மடியில் வைத்தார். "டிக்கெட்டுக்கு எந்த வரிசைல போய் நிக்கணுமோ, தெரியல."

"எங்கயும் நிக்க வேண்டாங்க."

அவள் கைப்பிடியை விட்டாள். கைப்பையைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினாள். ஒரு வார ரயில் பாஸ்.

"உங்க மாப்பிள்ளை ரயில் பைத்தியம் பிடிச்ச அன்னிக்கே நாலா வாங்கி, ரெண்டை எங்கிட்ட குடுத்து வச்சிருக்காரு."