ஃபீட் இருநூறு

ஆயிரத்து இருநூற்றில் ஓட வேண்டிய ஃபீடை, அதாவது வெட்டும் பிட் முன்னால் நகர்கிற வேகத்தை, மாப்பிள்ளை இருநூற்றுக்கு இறக்கினான்.

பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைப் பதினெட்டாயிரத்திலிருந்து இருபத்து நாலாயிரத்துக்கு ஏற்றினான். அதற்கு மேல் அந்த சி.என்.சி. மிஷின் சுற்றாது. சுற்றும் என்றால் அதையும் வைத்திருப்பான்.

மேஜையில் புது ஃபைபர் கிளாஸ் ஷீட், நான்கு மூலையிலும் கிளாம்ப் போட்டுக் கிடந்தது. பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

வேகமாக விட்டால் பிட் படாரென்று உடையும், ஓரம் நார்நாராகப் பிய்யும். அந்தச் சத்தத்துக்கு ஆபீஸ் அறையிலிருந்து மாமனார் ஓடி வந்து நிறுத்திவிடுவார். மெதுவாக விட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. பயபக்தியோடு வேலை செய்வது போலவே இருக்கும். ஆனால் பிட் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே நிற்கும், சூடேறும், ஷீட்டில் இருக்கும் பிசின் கருகும்.

கருக வேண்டும். அதுதான் இன்றைக்கு அவனுடைய வேலை.

வேறு ஊரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. மிஷின்களுக்கு டிசைன் வரைகிற வேலை, அவன் ஆசைப்பட்டுப் படித்த வேலை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

மனைவியிடம் கேட்டாகிவிட்டது. "அப்பாவே உங்களை வேண்டாம்னு சொல்லட்டும், அன்னைக்கே பெட்டியைக் கட்டிடறேன். நாங்க போறோம்னு அவர் மூஞ்சியைப் பார்த்து என்னால சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

மாமனார் எங்கே வேண்டாம் என்று சொல்லப் போகிறார்? கல்யாணமான கையோடு பட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற மனிதர். கீழே பட்டறை, மேலே வீடு. கண்ணாடித் தூள் சட்டையோடு மாடியேறித் தலையணை வரைக்கும் வந்து அரித்தது. அவனுக்கு மூச்சு முட்டியது. மாமனார் தங்கமானவர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தயவு தாட்சண்யம் பார்ப்பதில்லை. ஷீட்டைக் கருக்கினவனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். மிஷினுக்கு மேலே சுவரில், ஓரம் கருகிய பழைய துண்டு ஒன்று ஆணியில் தொங்கியது. எவனோ ஒரு ஆபரேட்டர் கருக்கியது, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று மாட்டி வைத்திருப்பதாகத்தான் பட்டறையில் பேச்சு.

பச்சைப் பட்டனை அழுத்தினான்.

பிட் ஷீட்டில் இறங்கி, நத்தை மாதிரி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் முகமூடியைத் தாண்டிக் கருகல் வாடை வந்தது. வெள்ளை ஓரம் மஞ்சளாகி, பழுப்பானது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆபீஸ் கதவு திறந்தது.

மாமனார் வந்து சிவப்புப் பட்டனை அழுத்தினார். கிளாம்பைத் தளர்த்தி, வெட்டுப்பட்ட துண்டை எடுத்து ஓரத்தைத் தடவினார். அப்புறம் திரையைப் பார்த்தார். இருநூறு என்றது திரை.

சொல்லுங்கள் மாமா, இனிமேல் பட்டறைப் பக்கம் வராதே என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவன் மனசுக்குள் கெஞ்சினான்.

மாமனார் எக்கி, ஆணியில் இருந்த பழைய துண்டைக் கழற்றினார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டு ஓரத்திலும் ஒரே பழுப்பு.

"இது நான் கருக்கினது மாப்ள. அப்பல்லாம் மிஷினைக் கையாலதான் தள்ளணும், வேணும்னே மெதுவாத் தள்ளினேன், துரத்திவிட்டா கிளம்பிடலாம்னு. உங்க அத்தையோட அப்பா, என் மாமனார், ஒரு வார்த்தை திட்டலை. மறுநாள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்துல போட்டு உக்காந்துட்டார். அப்புறம் நான் எங்கேயும் போகலை."

மூலையில் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய இரும்பு ஸ்டூல் ஒன்று இருந்தது. மாமனார் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். ஸ்டூலைத் தரதரவென்று இழுத்து வந்து, மிஷினுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அவன் வேறு பிட் மாட்டினான். வேறு ஷீட்டை ஏற்றினான். ஸ்பிண்டிலைப் பதினெட்டாயிரத்துக்கு இறக்கி, ஃபீடை ஆயிரத்து இருநூற்றில் வைத்தான்.

பிசிறே இல்லாமல் வெட்டியது.

மாமனார் ஷீட்டைப் பார்க்கவில்லை. தெருவுக்குப் போகிற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.