மூன்று மணிக்குள் நாலு மாடி

"இந்தாங்க தலைவரே, வாபஸ் கடிதம். கையெழுத்துப் போட்டுட்டேன்."

முன்னாள் ஓட்டப்பந்தயக்காரி நீட்டிய தாளை வாங்கியதும் தலைவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்து, நாலாக மடித்து, தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்மா. மேல தேர்தல் அதிகாரி ரூம் வாசல்ல தர்றேன், நீ உன் கையால குடுத்துடு."

"சரிங்க தலைவரே."

இந்த 'சரிங்க தலைவரே'வுக்காகத்தான் அவளைப் பிடித்துப் போட்டிருந்தார். தடகளச் சங்கத்தின் நாற்காலியில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு முறைகூட ஓட்டு வாங்கி ஜெயித்ததில்லை. எப்போதும் போட்டியின்றித் தேர்வு.

இந்த முறைதான், 'மைதானத்துல ஓடினவங்க யாராவது தலைமைக்கு வரட்டும்' என்று கிளப்புகள் முணுமுணுக்க ஆரம்பித்தன. வாக்கெடுப்பு என்று வந்தால் முப்பது ஓட்டில் தனக்கு மூன்றுதான் விழும் என்று அவருக்கே தெரியும். அதில் ஒன்று அவருடையது, இன்னொன்று மச்சானுடையது.

அதனால் சங்கத்தின் இணைச் செயலாளரான இவளையே மனுப் போடச் சொன்னார். கிழிந்த ஷூவிலிருந்து தங்கும் அறைவரை வீரர்கள் எல்லாவற்றுக்கும் இவளிடம்தான் வருவார்கள். இவள் நிற்கிறாள் என்றதும் வேறு யாரும் மனுப் போடவில்லை. கடைசி நேரத்தில் இவள் விலகிக்கொண்டால் நாற்காலி பத்திரம்.

வேறு யாராக இருந்தாலும் ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகியிருக்கும். இவள் ஓடிய காலத்தில் செய்ததும் இதே வேலைதான். பெரிய பந்தயங்களில் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கும் 'பேசர்'. பாதி தூரம் போனதும் ஒதுங்கிவிடுவாள். கோப்பையைப் பின்னால் வருகிறவர் தூக்கிக்கொண்டு போவார்.

சாப்பிட்டுவிட்டுத் தலைவர் கொஞ்சம் கண்ணயர்ந்ததில் மணி இரண்டு ஐம்பது ஆகியிருந்தது. வாபஸ் வாங்க மூன்று மணிவரைதான் நேரம். அதிகாரி இருப்பதோ நாலாவது மாடி. லிப்ட் எட்டு மாதமாக வேலை செய்யவில்லை. அதைப் பழுது பார்க்கும் ஃபைல் தலைவரின் மேஜையில்தான் கையெழுத்துக்காகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

"நீ முன்னாடி போம்மா. நான் பின்னாலயே வர்றேன்."

முதல் மாடிவரை தலைவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே ஏறினார். "ஏம்மா, ஓடும்போது எப்ப ஒதுங்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்? திரும்பித் திரும்பிப் பாப்பியா?"

"பாக்க மாட்டேங்க. பின்னால வர்றவங்க மூச்சுச் சத்தம் கேக்கும். நல்லா நெருங்கிட்டாங்கன்னு தெரிஞ்சா வழிவிட்டு ஒதுங்கிடுவேன்."

"கேக்கலைன்னா?"

"இதுவரைக்கும் கேக்காமப் போனதில்லீங்க."

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது மாடியில் அந்தச் சிரிப்பு நின்றது. சுவர் முழுக்க அவர் கோப்பை வழங்கும் படங்கள். எதிலும் அவர் ஓடவில்லை. மூன்றாவது மாடியைத் தாண்டி நாலு படி ஏறியவர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் அதே சீரான நடையில் மேலே போய்ச் சேர்ந்திருந்தாள்.

"ஏம்மா... கீழ வா... இதை வாங்கிட்டுப் போ!" பையிலிருந்து கடிதத்தை எடுத்து ஆட்டினார். இரண்டு நிமிடம் இருந்தது.

அவள் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். நடுவில் பதினெட்டே படிகள். அவள் கால்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இறங்கவில்லை.

தலைவர் எழுந்தார், இரண்டு படி ஏறினார், மறுபடி உட்கார்ந்தார்.

மேலே அதிகாரியின் குரல் கேட்டது. "மணி மூணு. யாரும் வாபஸ் வாங்கலை. நாளைக்கு வாக்கெடுப்பு." கதவு சாத்தப்பட்டது.

தலைவருக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? ஒதுங்கிடுவேன்னு சொன்னியே!"

அவள் நிதானமாக இறங்கி வந்து, அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

"ரெண்டாவது மாடிக்கு மேல உங்க மூச்சுச் சத்தமே கேக்கலீங்களே, தலைவரே!"