சீர்வரிசையில் வந்த வைஸ் பிரசிடெண்ட்

“நகையெல்லாம் நாங்க கேக்கறதில்லை. பையன் வேலையில மேல வர நாலு பெரிய மனுஷங்க தொடர்பு போதும்” என்று மாப்பிள்ளையின் அம்மா ஷர்மிளா முன்பே சொல்லியிருந்தாள். எனவே நிச்சயதார்த்தத்தில் பழத்தட்டுகளுக்குப் பின்னால் மூன்று மேனேஜர்களும் ஒரு வைஸ் பிரசிடெண்டும் மாலையோடு நின்றார்கள்.

ஷர்மிளா வைஸ் பிரசிடெண்டை உற்றுப் பார்த்தாள். “சம்பந்தி, இவர் போன மாசம் என் நாத்தனார் வீட்டுச் சீர்லயும் வந்தாரே?”

பெண்ணின் அப்பா பிரதீபன் அவசரமாக ஒரு பழத்தட்டை அவள் முன் நீட்டினார். கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

வைஸ் பிரசிடெண்டே ஒப்புக்கொண்டார். “வேலை போயிடுச்சும்மா. முகூர்த்த நாள்ல இப்படி வாடகைக்கு வந்து நிக்கறேன்.”

ஷர்மிளா அவரைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“தை மாசம் என் பொண்ணுக்கு நிச்சயம். தேதி கிடைக்குமா? நாத்தனார் வருவா, மீசை மட்டும் வளர்த்துக்கிட்டு வாங்க.”